மருந்தெடுத்த பிறகு

அரூர் பக்கம் ஒருவர்
கோபிகாவின் தொப்புளுக்கு மேல் குழல் வைத்து உறிஞ்சி
உள்ளங்கையில் துப்பிக் காட்டியிருக்கிறார்:
கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ,
அதில் ஒட்டிய ஒற்றை முடி.
"யாரோ வச்ச மருந்து. வந்துடுச்சு."
ஆயிரத்தைந்நூறு ரூபாய், ஒரு கருங்கோழி.

அதற்குப் பிறகும் வாந்தி நிற்கவில்லை.
இரண்டு வாய்க் களிக்குமேல் இறங்கவில்லை.
ஒகேனக்கல் கூட்டம் வடியாத பஸ்ஸில்
மகளை மடியில் கிடத்தி
மாதையன் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தது
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.

ஒன்பது வயது. பதினாறு கிலோ.
விலாவுக்குக் கீழே கைவைத்தால்
கல் மாதிரி ஒன்று, தள்ளினால் நகர்ந்தது.
மண்ணீரல் என்றார் ஒருவர். கட்டி என்றார் இன்னொருவர்.
இரண்டாவது சொல்
வராந்தா வரைக்கும் நடந்துபோய்
அவள் அம்மா காதில் விழுந்தது.

முதலில் ஸ்கேன்.
டாக்டர் நிலோஃபர் ஜெல் தடவி அழுத்தினார்.
திரையில் பிறை போல் ஒரு வெள்ளை வளைவு,
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
ஈரல் தெரிகிறது, பித்தப்பை தெரிகிறது,
அந்த வளைவுக்குப் பின்னாலிருந்து மட்டும்
அனுப்பிய ஒலி திரும்பி வரவில்லை.
கிணற்றில் கல் போட்டுவிட்டுச்
சத்தத்துக்குக் காத்திருப்பவர்கள் போல் நின்றோம்.

"கட்டின்னா உள்ள கொஞ்சமாவது காட்டும்.
இது எதையும் விட மாட்டேங்குது" என்ற டாக்டர்
குனிந்து கேட்டார்: "பாப்பா, முடி சாப்பிடுவியா?"
இல்லை என்று தலையாட்டினாள்,
வாயை இறுக மூடிக்கொண்டு.

சி.டி. அறை என்னுடையது.
கம்மல், தாயத்து, கிளிப் எல்லாம் கழற்ற வேண்டும்.
கம்மலைக் கொடுத்தாள். தாயத்தை மாதையன் பல்லால் அறுத்தார்.
கிளிப்புக்குக் கை போனபோதுதான் பார்த்தேன்:
காதுக்கு மேலே, ஒரு ரூபாய் அகலத்துக்கு,
கிளிப் பிடித்து நிற்க முடியே இல்லை.
ஒன்றும் கேட்கவில்லை.
ஏசி அதிகம், போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டேன்.

மெஷினின் குரல் இங்கிலீஷில் பேசும்.
அதை அணைத்துவிட்டு மைக்கில் நானே சொன்னேன்:
மூச்சை இழு சாமி... பிடி... பிடி... விட்டுடு.

சாம்பல் நிறத்தில் துண்டு துண்டாக இறங்கியது படம்.
இரைப்பை முழுக்க ஒரே உருண்டை,
சரியாகக் கிண்டாத களிக்குள் காற்று நிற்பதைப் போல
கறுப்புக் கறுப்பாய்ப் பொட்டுகள்.
சுவரில் எங்கும் ஒட்டவில்லை.
குடிக்கக் கொடுத்த மருந்துத் தண்ணீர்
சுற்றிலும் வெள்ளை வரப்பாய் நின்றது.
ஒரு வால் மட்டும் சிறுகுடலுக்குள் நழுவியிருந்தது.

கட்டி இல்லை என்று நான் சொல்லக் கூடாது.
அறிக்கை டாக்டருடையது.
கதவைத் திறந்ததும் அவள் அம்மாவிடம்
"சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை அறுத்து எடுத்தார்கள்.
நானும் போய்ப் பார்த்தேன்.
அச்சில் வார்த்தது போல், இரைப்பையின் வடிவத்திலேயே,
அந்த நாற்றத்தோடு.
மேலே அவளுடைய குட்டை முடி.
சர்ஜன் கத்தரியால் பிளந்தபோது
உள்ளே முழ நீளத்துக்கு முடி, கூடவே ஒரு துண்டுப் பூ நூல்.
வயிற்றின் புளிப்பு எல்லா முடியையும்
ஒரே கறுப்பாக்கிவிடும்,
நீளத்தை அதனால் மாற்ற முடியாது.
போன வருஷம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அம்மா
தன் பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தாள்.
பின்னால் போட்டாள்.
மாதையன்தான் கேட்டார்:
"இதுல எதுங்க, அவங்க வச்ச மருந்து?"

ஐப்பசியில் திரும்ப வந்தாள், அம்மாவோடு.
ஸ்கேனுக்குக் கிளிப்பைக் கழற்ற வேண்டியதில்லை.
அவளாகவே இரண்டையும் கழற்றி
என்னிடம் நீட்டினாள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள்.
திரையில் இரைப்பை மடிப்பு மடிப்பாக,
குடித்த தண்ணீர் அலைவது வரைக்கும் தெரிந்தது.
உள்ளங்கையைப் பிரித்தேன்.
ஒரு கிளிப்பின் பல்லில் ஒற்றை முடி.
ஊதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.